கண்டறிதலும் படைத்தலும்

விஞ்ஞானி உள்ளதைக் காண்பவன். கவிஞன் இல்லாததைக் கற்பனை செய்பவன். பள்ளிகளில் இவ்விரு துறைகளையும் பிரித்துக் காட்டுவதற்கு இவ்வாறு கூறுவது வழக்கமாகிவிட்டது. இப்பாகுபாடு நினைவில் வைப்பதற்கு எளிது; ஆயினும் முழுவதும் சரியன்று. உள்ளதைக் காண்பதற்கும் கற்பனை வேண்டும். ஆனால் அக்கற்பனை ஓர் எல்லைக்குப் பின் தன் உரிமையை இழந்து சோதனைக்கு அடங்க வேண்டியதாகிறது. இதனை விளக்குவதற்குக் கல்கத்தா நகரில் 1921 முதல் 1928 வரை நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சியின் வரலாறு ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுகிறது. இராமன் விளைவு எனப்படும் ஒளிச்சிதறல் நிகழ்ச்சி கண்டறியப்பட்ட வரலாறே அது. அதன் முடிவு யாவரும் அறிந்ததே. முடிவுக்கு முன் நேர்ந்த தயக்கங்களும் பெயர்க் குழப்பங்களுமே நம் கவனத்துக்குரியவை.

இப்பொருள் பற்றி முன்னரே சிந்தித்தவர் ஜகதீச சந்திர போஸ். 1911-ஆம் ஆண்டில் மைமன்சிங் நகரில் கூடிய வங்க இலக்கிய மாநாட்டில், இலக்கிய அன்பர்களின் அழைப்பை ஏற்றுத் தலைமை தாங்கிய அவர், விஞ்ஞானத்தில் இலக்கியம் என்னும் பொருள் பற்றி வங்க மொழியில் உரையாற்றினார். கண்ணுக்குப் புலனாகாததைத் தேடிச் செல்வதில் இருவரும் ஒத்தவர்களே. ஆனால் கவிஞனிடம் எவரும் ஆதாரம் கேட்பதில்லை, விஞ்ஞானியோ ஆதாரம் காட்டாமல் ஓர் அடியும் எடுத்து வைக்க இயலாது என்பது அவர் கருத்தின் சாரம். ஆதாரம் எவ்விடத்தில் குறுக்கிடுகிறது, அப்போது கற்பனைக்கு என்ன நேர்கிறது என்பதை இனிக் காண்போம்.

கடலின் நீலம்

1921-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டில் நடைபெற்ற பல்கலைக் கழக மாநாட்டுக்குச் சென்ற சந்திரசேகர வெங்கட ராமன், நர்க்குண்டா என்னும் கப்பலில் தாயகம் திரும்பினார். மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவருடைய கருத்தைக் கவர்ந்தது. கடலை வானத்தின் கண்ணாடியாகக் காண்பது கவிஞர்களுக்குப் பழக்கமான கற்பனை. வியப்பு என்னவெனில், அக்காலத்து இயற்பியலும் ஏறத்தாழ அதனையே கூறிற்று. கடலின் நீலம் அதன் சொந்த நிறம் அன்று, வானின் நீலம் நீர்ப்பரப்பில் பிரதிபலிப்பதே என்பது ராலே பிரபுவின் கருத்து. வானம் ஏன் நீலமாக உள்ளது என்பதைக் கணக்கிட்டு விளக்கிய பேரறிஞர் அவர். எனவே அக்கருத்தை ஐயுற்றோர் சிலரே.

இராமன் தம்மிடம் இருந்த நிக்கல் பட்டகத்தைக் கண்ணருகே வைத்துக் கடலை நோக்கினார். நீர்ப்பரப்பில் ஒரு குறிப்பிட்ட சாய்கோணத்தில் பட்டுத் திரும்பும் ஒளி தளவிளைவு பெற்றிருக்கும். பட்டகத்தைத் தக்கவாறு திருப்பினால் அவ்வொளியை அறவே தடுத்துவிடலாம். நீலம் வெறும் பிரதிபலிப்பாயின், பட்டகத்தைத் திருப்பியதும் அது மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை, முன்னிலும் செறிவாகத் தோன்றிற்று. கண்ணாடியை அகற்றிய பின்னும் உருவம் நிற்குமாயின் அது கண்ணாடியிலிருந்து வந்ததன்று என்பது வெளிப்படை. நீரின் மூலக்கூறுகளே சூரிய ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று அவர் முடிவு செய்து, 'நேச்சர்' இதழுக்குக் குறிப்பு எழுதினார். நீர் சிவப்பு ஒளியைச் சிறிது சிறிதாக உட்கவர்வதும் கடலின் நீலத்துக்குப் பெருங் காரணம் என்பது இன்று தெளிவாகியுள்ளது. ஆகவே அவர் விளக்கமும் முழுமையானதன்று; ஆனால் கண்ணாடி என்னும் உவமை அன்றோடு விடைபெற்றது.

பெயரினால் நேர்ந்த தாமதம்

கல்கத்தாவில் பௌபஜார் தெருவில் 210-ஆம் எண் கட்டடத்தில், மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வகம் இருந்தது. இராமனும் அவருடைய மாணவர்களும் திரவங்களில் ஒளி சிதறும் விதத்தை அங்கு முறையாக ஆராயத் தொடங்கினர். 1923-ஆம் ஆண்டுக் கோடையில் நீரில் ஒளிச்சிதறலை ஆராய்ந்தவர் கே. ஆர். இராமநாதன். இவர் பின்னர் வானிலைத் துறையில் பணியாற்றி, அகமதாபாத் பௌதிக ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநரானவர்.

அவர் கையாண்ட முறை எளியது. உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கும் விளங்கத்தக்கது. சூரிய ஒளியின் பாதையில் ஊதா நிறக் கண்ணாடி வடிகட்டி ஒன்று வைக்கப்படுகிறது. சிதறி வெளிவரும் ஒளியின் பாதையில் பச்சை வடிகட்டி வைக்கப்படுகிறது. முன்னது விடும் நிறத்தைப் பின்னது விடாது. பின்னது விடும் நிறத்தை முன்னது விடாது. நீரில் புகுந்த ஒளி நிறம் மாறாமல் சிதறுமாயின், இரு வடிகட்டிகளும் சேர்ந்து அதனை முற்றிலும் மறைத்துவிடும்; காண்போர்க்கு இருளே தோன்றும். ஆனால் மிக மங்கலான ஓர் ஒளித்தடம் தென்பட்டது.

இத்தடத்துக்கு 'வலுவற்ற ஒளிர்வு' என்று பெயரிடப்பட்டது. ஒளிர்வு என்பது புதியதன்று. கொயினாக் கரைசல் புற ஊதா ஒளியை உட்கவர்ந்து நீல ஒளியை வெளிவிடுவது போன்ற நிகழ்ச்சிகள் நெடுநாளாக அறியப்பட்டவை. நீரில் கலந்துள்ள சிறிதளவு மாசு இவ்வாறு ஒளிர்கின்றது போலும் என்று கருதினர். அவ்வாறாயின் மாசினை நீக்கினால் தடம் மறைய வேண்டும். இராமநாதன் நீரை வெற்றிடத்தில் மெல்ல வடித்து, மீண்டும் மீண்டும் தூய்மை செய்து நோக்கினார். தடம் மறையவில்லை. அவர் கண்டதைக் கண்டவாறே எழுதி வைத்தார். 1925-இல் கே. எஸ். கிருஷ்ணனும் வேறு திரவங்களில் இதே தடத்தைக் கண்டார். அப்போதும் பெயர் மாறவில்லை.

தமிழ் அணியிலக்கணம் பயின்றோர்க்கு இங்கு நேர்ந்தது எளிதில் விளங்கும். மதி போன்ற முகம் என்றால் உவமை. 'போன்ற' என்னும் உருபு நீங்கி, முகமாகிய மதி என்று இரண்டும் ஒன்றாக்கப்பட்டால் உருவகம். செய்யுளில் இம்மாற்றம் அழகைப் பெருக்கும். ஆய்வகத்தில் ஆபத்தை விளைவிக்கும். 'இது ஒளிர்வைப் போன்றது' என்று தொடங்கிய எண்ணம், நாளடைவில் 'போன்றது' என்பதை இழந்து 'இது ஒளிர்வு' என்று உறைந்துவிட்டது. கண் முன்னே இருந்த புதுமை பழைய பெயர் ஒன்றினுள் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் அடங்கிக் கிடந்தது. கண்டவர்களின் திறமைக்கோ நேர்மைக்கோ குறைவில்லை. தூய்மை செய்தும் தடம் நீங்கவில்லை என்ற குறிப்பு எழுத்தில் இருந்தமையால்தான் பின்னர் வந்த சோதனைகளுக்குப் பொருள் உண்டாயிற்று.

1928-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் எஸ். வெங்கடேசுவரன் மிகவும் தூய்மையான கிளிசரினில் சூரிய ஒளியைச் செலுத்தினார். சிதறிய ஒளி வழக்கமான நீலமாக இல்லாமல் பளிச்சென்ற பச்சையாகத் தோன்றிற்று. அன்றியும் அது வலுவான தளவிளைவு பெற்றிருந்தது. இரண்டாவது செய்தியே முக்கியமானது. இத்தகைய திரவங்களில் ஒளிர்வாக இருந்தால் அவ்வளவு தளவிளைவு இருத்தலாகாது; சிதறலுக்கு அது இயல்பு. ஆகவே தடம் நிறத்தால் ஒளிர்வை ஒத்தது, தன்மையால் சிதறலை ஒத்தது. பழைய பெயர் அதற்கு மேல் நிற்க இயலவில்லை.

உவமையின் கடன்

பெயர் நீங்கியதும் வெற்றிடம் ஒன்று உண்டாயிற்று. அதனை நிரப்ப மற்றோர் உவமை வந்தது. அமெரிக்க விஞ்ஞானி ஆர்தர் காம்ப்டன், எக்ஸ் கதிர்கள் கிராஃபைட்டில் சிதறும்போது அவற்றின் ஒரு பகுதி அலைநீளம் கூடி வெளிப்படுவதை 1923-இல் நிலைநாட்டியிருந்தார். 1927-இல் அதற்கு நோபெல் பரிசும் பெற்றார். எக்ஸ் கதிருக்கு நேர்வது கண்ணுக்குப் புலனாகும் ஒளிக்கும் நேரக் கூடாதோ என்று இராமன் எண்ணினார். 1928 பிப்ரவரி 16 அன்று 'நேச்சர்' இதழுக்கு இராமனும் கிருஷ்ணனும் எழுதிய மடல் இந்த ஒப்புமையிலிருந்தே தொடங்குகிறது. ஏறத்தாழ 60 திரவங்களைச் சோதித்ததில் யாவற்றிலும் புதிய ஒளி காணப்பட்டதாக அவர்கள் அறிவித்தனர். பிப்ரவரி 28 அன்று நிறமாலைகாட்டியால் நோக்கியபோது, படும் ஒளியின் நிறத்துக்கும் புதிய ஒளியின் நிறத்துக்கும் இடையே இருண்ட இடைவெளி ஒன்று தெளிவாகத் தெரிந்தது. பாதரச ஆவி விளக்கின் ஒளியைச் செலுத்தியபோது புதிய ஒளி கூர்மையான கோடுகளாகப் பிரிந்து நின்றது. மறுநாளே செய்தி பத்திரிகைகளுக்கு அறிவிக்கப்பட்டது. மார்ச்சு 16 அன்று பெங்களூரில் இராமன் இதுபற்றி விரிவுரை நிகழ்த்தினார்.

இனி, காம்ப்டன் விளைவோடு ஒப்பிட்டமை சரிதானா என்பதைப் பார்க்கவேண்டும். தொல்காப்பியர் உவமவியல் என ஒரு தனி இயலே வகுத்து, உவமை பிறக்கும் இடங்களைச் செயல், பயன், வடிவம், நிறம் என நான்காகப் பிரித்துள்ளார். ஒன்றோடு ஒன்றை ஒப்பிடுவோர் எதனால் ஒப்பிடுகிறோம் என்பதை அறிந்திருக்க வேண்டும் என்பது அப்பகுப்பின் பயன். இராமன் கண்ட ஒப்புமை செயலால் அமைந்தது: சிதறும்போது அலைநீளம் மாறுகிறது என்னும் ஒரே செயல் இரண்டிலும் உண்டு. அவ்வளவில் உவமை பொருந்திற்று. அளவுகளை நோக்கினால் பொருந்தவில்லை.

காம்ப்டன் விளைவில் அலைநீள மாற்றம் சிதறும் கோணத்தைப் பொறுத்தது; சிதறச் செய்யும் பொருளைப் பொறுத்ததன்று. படும் கதிருக்குச் செங்கோணத்தில் சிதறினால் மாற்றம் 0.024 ஆங்ஸ்ட்ராம். புதிய விளைவிலோ கோணம் எதுவாயினும் கோடுகள் இடம் மாறுவதில்லை; பொருள் மாறினால் மட்டுமே இடம் மாறும். பென்சீனில் பாதரசத்தின் 4358 ஆங்ஸ்ட்ராம் கோட்டைச் செலுத்தினால், வலுவான புதிய கோடு ஏறத்தாழ 4555 ஆங்ஸ்ட்ராமில் அமைகிறது. மாற்றம் 200 ஆங்ஸ்ட்ராமுக்குச் சற்றே குறைவு. அதாவது காம்ப்டன் மாற்றத்தைப் போல் ஏறத்தாழ எண்ணாயிரம் மடங்கு. அன்றியும் அலைநீளம் கூடிய கோடுகளோடு அலைநீளம் குறைந்த மங்கலான கோடுகளும் காணப்பட்டன. ஓய்ந்திருக்கும் எலக்ட்ரானோடு மோதும் காம்ப்டன் கதிரில் இதற்கு இடமே இல்லை.

உண்மை வேறோரிடத்தில் இருந்தது. ஒளித்துகள் தன் ஆற்றலில் ஒரு பகுதியை மூலக்கூறின் அதிர்வுக்குக் கொடுத்தோ, அதிர்வினின்று பெற்றோ வெளியேறுகிறது. கொடுத்தால் அலைநீளம் கூடும், பெற்றால் குறையும். ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கேயுரிய அதிர்வெண்களை உடையது; எனவே புதிய கோடுகள் அம்மூலக்கூறின் அடையாளமாகின்றன. இத்தகைய நிகழ்ச்சி இருத்தல் கூடும் என்பதை 1923-இல் ஸ்மேகலும், 1925-இல் கிராமர்ஸ், ஹைசன்பர்க் ஆகியோரும் கொள்கையளவில் கூறியிருந்தனர். விளைவு கண்டறியப்பட்ட பின் அக்கொள்கையே அதற்கு உரிய விளக்கமாக ஏற்கப்பட்டது. காம்ப்டன் ஒப்புமை படிப்படியாகக் கைவிடப்பட்டது. ஆற்றைக் கடந்தபின் ஓடத்தைத் தலையில் சுமப்பாரில்லை.

கவிதையில் இவ்வாறு நேர்வதில்லை. முகத்தை மதி என்ற கவிஞனிடம் சந்திரனின் விட்டத்தை எடுத்துக்காட்டி அவன் கூற்றைத் திருத்துவாரில்லை. அவனுடைய உவமை தோன்றிய அக்கணமே நிறைவு பெற்றுவிட்டது. விஞ்ஞானியின் உவமையோ கடன்பத்திரம் போன்றது. அளவுகளால் அதனை அடைத்துத் தீர்க்கும் வரை அதற்குச் சொந்த மதிப்பில்லை. தீர்த்த பின் அது கிழிக்கப்படுகிறது. இராமனின் ஒப்புமை பிழையாயிற்று என்பதனால் அவர் பெருமை குறைந்ததாகக் கருதுவோர் விஞ்ஞானத்தின் நடைமுறையை அறியாதோரே. பிழையான ஒப்புமை சரியான இடத்தில் தேடும்படி அவரைத் தூண்டிற்று.

மாஸ்கோவின் சான்று

கண்டறிதலும் படைத்தலும் வேறுபடும் இடத்தை இன்னும் தெளிவாகக் காட்டுவது அதே மாதத்தில் மாஸ்கோவில் நடந்தது. லான்ட்ஸ்பெர்க், மாண்டல்ஷ்டாம் என்னும் இரு விஞ்ஞானிகள் படிகக்கல்லில் ஒளிச்சிதறலை ஆராய்ந்து வந்தனர். அவர்களுக்குக் கடலின் நீலமும் காம்ப்டனின் எக்ஸ் கதிரும் வழிகாட்டவில்லை. திண்பொருளினுள் பரவும் வெப்ப அலைகளால் சிதறிய ஒளியில் மிக நுண்ணிய அலைநீள மாற்றம் ஒன்று உண்டாதல் வேண்டும் என்று கருதி அதனையே தேடினர். தேடிய நுண்ணிய மாற்றத்துக்குப் பதிலாகப் பெரிய மாற்றம் ஒன்றைக் கண்டனர். அவர்கள் கண்ட நாள் 1928 பிப்ரவரி 21. ஆனால் அவர்களுடைய விரிவான குறிப்பு ஜெர்மன் இதழில் வெளியானது ஜூலை மாதத்திலேயே. அதற்குள் கல்கத்தாவின் மடல்கள் அச்சேறி உலகெங்கும் பரவியிருந்தன. 1930-இல் நோபெல் பரிசு இராமன் ஒருவருக்கே வழங்கப்பட்டது. ரஷ்ய நூல்களில் இந்நிகழ்ச்சி 'சேர்க்கைச் சிதறல்' என்றே வழங்கிவருகிறது. முதன்மை யாருடையது என்னும் வழக்கில் ஈண்டு தீர்ப்புக் கூற வேண்டுவதில்லை. இரு குழுவினரும் கண்டது ஒரே உண்மை என்பதில் ஐயமில்லை.

வெவ்வேறு எண்ணங்களோடு, வெவ்வேறு பொருளை ஆராய்ந்து, ஒருவரை ஒருவர் அறியாமல் புறப்பட்ட இரு குழுவினர் ஏழு நாள் இடைவெளியில் ஓரிடத்தை அடைந்தனர் எனின், அவ்விடம் அவர்களுக்கு முன்பே அங்கு இருந்தது என்றே கொள்ள வேண்டும். கல்கத்தா முயலாதிருப்பினும் இராமன் விளைவு மறைந்தொழிந்திராது. வேறு பெயரால் சில மாதங்களில் வெளிப்பட்டிருக்கும். பௌபஜாரிலிருந்து நெடுந்தொலைவில்லாத ஜோராசாங்கோ இல்லத்துக் கவிஞர் 'கீதாஞ்சலி'யை எழுதாதிருப்பின், மாஸ்கோவில் மட்டுமன்று, உலகின் எம்மூலையிலும் அந்நூலை எவரும் எழுதியிருக்க இயலாது. கவிதையில் சென்ற வழியே சேர்ந்த இடமுமாகும். விஞ்ஞானத்தில் வழிகள் பல. அவற்றுள் எவ்வழியே சென்றோம் என்பது வரலாற்றாசிரியனுக்கு மட்டுமே தேவைப்படுவது.

மொழிபெயர்ப்பும் இதனையே உணர்த்துகிறது. 1924-இல் டாக்கா பல்கலைக் கழகத்தில் ஆசிரியராயிருந்த சத்தியேந்திர நாத போஸ், பிளாங்க் விதிக்கு வழங்கிவந்த நிரூபணத்தில் மனநிறைவு கொள்ளாது, புதிய நிரூபணம் ஒன்றை ஆங்கிலத்தில் எழுதி ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைன் தாமே அதனை ஜெர்மன் மொழியில் பெயர்த்து வெளியிடச் செய்தார். ஜெர்மன் மொழியிலும் அது போஸின் நிரூபணமே, எதுவும் குறையவில்லை. இரவீந்திரநாத தாகூரின் அனுபவம் வேறு. 1910-இல் வெளிவந்த வங்க 'கீதாஞ்சலி'யில் 157 பாடல்கள் இருந்தன. 1912-இல் அவரே பெயர்த்து வெளியிட்ட ஆங்கில நூலில் 103 பகுதிகளே உள்ளன. அவற்றிலும் 53 மட்டுமே வங்க 'கீதாஞ்சலி'யைச் சேர்ந்தவை, பிற அவருடைய வேறு நூல்களிலிருந்து எடுக்கப்பட்டவை. பாடல் உரைநடையாயிற்று. ஆசிரியரே மொழிபெயர்ப்பாளராக அமைந்தும், பிறந்தது மற்றொரு நூல். விஞ்ஞானக் கட்டுரைகளை இந்திய மொழிகளில் பெயர்ப்பது இயலாது என்று வாதிப்போர் இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நன்று.

களக் குறிப்பும் பயிற்சியேடும்

இவ்வேறுபாட்டை அறிந்துகொள்வதால் களப் பணியாளர்க்கு என்ன பயன் என்று கேட்கலாம். மழைமானியைப் பார்ப்பவர், மண் மாதிரி எடுப்பவர், பயிர் நோயைக் கணக்கெடுப்பவர் ஆகிய எவரும் தம் ஏட்டில் இருவகைச் சொற்களை எழுதுகின்றனர். ஒன்று கண்டது, மற்றொன்று கண்டதற்கு இட்ட பெயர். 'இலையின் அடிப்புறத்தில் பழுப்புப் புள்ளிகள்' என்பது கண்டது. 'துரு நோய்' என்பது பெயர். பெயரை மட்டும் எழுதிச் சென்றால், பின்னர் அப்பெயர் தவறு என்று தெரியும்போது மீண்டும் ஆராய்வதற்கு ஏட்டில் எதுவும் எஞ்சியிராது. 1923-இன் குறிப்பில் 'ஒளிர்வு' என்ற பெயர் மட்டும் இருந்திருப்பின், கிளிசரின் சோதனையை எதனோடு ஒப்பிட்டிருப்பர்?

பள்ளிகளில் குறை வேறு விதமானது. ஊசலின் அலைவு நேரத்தை அளக்கும் மாணவன், புவியீர்ப்பு முடுக்கத்துக்கு நூலில் உள்ள எண்ணை முன்பே அறிந்திருக்கிறான். தன் அளவுகள் அதற்கு இணங்காவிடில் அளவுகளைத் திருத்தி எழுதுகிறான். அவனுக்கு முழு மதிப்பெண்ணும் கிடைக்கிறது. அவன் செய்தது கண்டறிதலும் அன்று. படைத்தல் என்று புகழ்வதற்கும் இடமில்லை. இராமநாதன் இவ்வாறு செய்திருப்பின், தூய நீரில் தடம் மறைந்தது என்று எழுதியிருப்பார். அன்றைய கொள்கைக்கு அதுவே இணக்கமானது.

ஆசிரியர்கள் பின்வரும் சோதனையை எளிதில் நடத்தலாம். இருட்டறையில் ஒரு கண்ணாடிக் குவளை நிறைய நீர் எடுத்து, சில துளி பால் கலந்து, கைவிளக்கின் ஒளியைப் பக்கவாட்டில் செலுத்துக. ஒளிக்குச் செங்கோணத்தில் நோக்கினால் நீரில் மெல்லிய நீலச் சாயல் தெரியும். ஒளிக்கு நேரெதிரே நோக்கினால் விளக்கு மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ தோன்றும். தளவிளைவுத் தகடு கிடைக்குமாயின், பக்கவாட்டில் நின்று அதனைக் கண்முன் சுழற்றினால் ஒளித்தடம் மங்குவதையும் பெருகுவதையும் காணலாம். நிறம் மாறிய சிதறலை இவ்வாறு காண இயலாது. அது மிக நலிந்தது. ஆயினும் கடலில் இராமன் செய்த சோதனையின் சாயல் இதில் உண்டு.

மாணவர் ஒவ்வொருவரும் இதுபற்றி இரு குறிப்புகள் எழுதட்டும்: ஒன்று சோதனைக் குறிப்பு, மற்றொன்று கண்ட காட்சியைப் பற்றிய கவிதையோ உரைநடையோ. பின்னர் சோதனைக் குறிப்பை வேறொரு மாணவரிடம் கொடுத்து, அதனை மட்டும் துணையாகக் கொண்டு சோதனையை மீண்டும் செய்யச் சொல்லுக. துளிகளின் எண்ணிக்கையும் நோக்கிய திசையும் குறிக்கப்படாத ஏடுகள் அங்கேயே வெளிப்பட்டுவிடும். கவிதைகளை வகுப்பில் உரக்கப் படித்தால் போதும். சோதனை நடக்கும்போது குறிப்பை எழுதியவரிடம் சென்று ஐயம் கேட்பதற்கு இரண்டாம் மாணவரை அனுமதித்தல் கூடாது.